தோற்றால் கல்யாணம்

என் அண்ணன் மகன் ஆறாம் வகுப்புப் படித்த காலத்தில் அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டுச் சீட்டு இருக்கும். டிரம்ப் கார்டு. சீட்டில் ஒரு டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த வீரனின் படம், அதற்குக் கீழே உயரம், எடை, மார்பளவு, கைச்சுற்றளவு, ஆடிய ஆட்டம், வென்ற ஆட்டம், தரவரிசை. போடியில் எங்கள் தெருத் திண்ணையில் நாலைந்து பையன்கள் உட்கார்ந்து "எடை!" "மார்பு!" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். பெரிய எண் வைத்திருப்பவன் மற்றவன் சீட்டைப் பிடுங்கிக்கொள்வான். இவனிடம் ரே மிஸ்டீரியோ சீட்டு ஒன்று இருந்தது. உயரத்திலும் எடையிலும் அது தோற்கும் சீட்டு. ஆனால் அதை யாருக்கும் மாற்றிக் கொடுக்க மாட்டான். ஏன்டா என்று கேட்டால், "அத்தை, இவன் மூஞ்சிய யாருமே பாத்ததில்ல" என்பான்.

அவன் சொன்னது சரியில்லை என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மிஸ்டீரியோவின் முகத்தை ஒருமுறை உலகமே பார்த்திருக்கிறது. எப்படிப் பார்த்தது, எதற்கு ஈடாகப் பார்த்தது என்று தேடப்போய்த்தான், சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் இன்னொரு ஆளிடம் வந்து சேர்ந்தேன். அவர் முகமூடி போடாதவர், பெண், இந்தியர். பெயர் ஹமீதா பானு. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஆனால் முகமூடியின் வழியாகப் போனால்தான் அவர் என்ன விளையாடினார் என்பது எனக்குப் பிடிபடுகிறது.

மெக்சிகோவின் தொழில்முறை மல்யுத்தத்தில் முகமூடி என்பது வெறும் வேஷம் இல்லை. 1930களில் காலணி செய்யும் ஒருவர் தோலில் தைத்துக்கொடுத்ததில் தொடங்கிய வழக்கம், சில பத்தாண்டுகளில் மல்லனின் மானமாகவே ஆகிவிட்டது. எல் சாண்டோ என்ற வெள்ளி முகமூடிக்காரர் 1942 முதல் அந்தப் பெயரில் ஆடினார், ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். 1984இல் இறந்தபோது முகமூடியோடுதான் புதைத்தார்கள். அங்கே பணய ஆட்டம் என்று ஒரு வகை உண்டு. முகமூடிக்கு முகமூடி, அல்லது முகமூடிக்குத் தலைமயிர். தோற்றவன் கோதாவின் நடுவில் நின்று முகமூடியைக் கழற்றித் தர வேண்டும், தன் சொந்தப் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். அவமானம்தான். ஆனால் கவனியுங்கள், தோற்ற ஆணுக்கு அங்கே ஒரு பெயர் திரும்பக் கிடைக்கிறது.

மிஸ்டீரியோ 1974இல் கலிபோர்னியாவில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர். மாமா ஒருவரும் அதே பெயரில் ஆடிய மல்லர். அவரிடம் பழகி, பதினாலு வயதில் எல்லைக்கு அந்தப்புறம் திஹுவானாவில் ஆடத் தொடங்கினார். 1999 பிப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் இரட்டையர் ஆட்டத்தில் தன் முகமூடியைப் பணயம் வைத்தார். எதிரே கெவின் நாஷ், ஸ்காட் ஹால் என்று இரண்டு மலைபோன்ற ஆண்கள். அவர்கள் வைத்த பணயம் என்ன? தங்கள் தலைமயிர் இல்லை. அவர்களோடு துணைக்கு வரும் மிஸ் எலிசபெத் என்ற பெண்ணின் கூந்தல். மிஸ்டீரியோ தோற்றார், முகமூடி போயிற்று. எலிசபெத்தின் கூந்தல் தப்பித்தது. இந்த விவரத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, திரௌபதி அம்மன் கோயில் கூத்துதான் ஞாபகம் வந்தது. சூதாடுகிறவன் ஒருவன், கூந்தல் இன்னொருத்தியுடையது.

அதோடு நிற்கவில்லை. 2005இல் எடி குரேரோவோடு நடந்த ஏணி ஆட்டத்தில், எட்டு வயதுப் பையன் ஒருவனை வளர்க்கும் உரிமைக்கான காகிதத்தைக் கோதாவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாம் எழுதிவைத்து நடிக்கும் கதை என்பது உண்மையே. ஆனால் கதை எழுதுகிறவர்கள் பணயப் பொருளுக்காக யோசிக்கும்போது கை நீள்வது எங்கே என்று பாருங்கள். மிஸ்டீரியோவுக்கு என்ன ஆயிற்று? 2002இல் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். 2006இல் உலகப் பட்டம் வென்றார். அண்ணன் மகன் கையிலிருந்த சீட்டு அதற்கப்புறம் அச்சானது. நடுவில் இழந்ததற்கான தடயமே அதில் இல்லை. ஆணின் பணயம் மீட்கக்கூடியது.

எனக்கும் ஒரு முகமூடி இருந்தது. இருபத்தைந்து வயதில் புனைபெயரில் கவிதை எழுதினேன். துவரங்குறிச்சியில் சல்மா என்ற பெயருக்குப் பின்னால் இருந்து ஒருவர் எழுதிக் காட்டியிருந்த காலம் அது, எங்களில் பலருக்கு அது துணிச்சல் தந்தது. அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒருவர் கண்டுபிடித்து, பத்திரிகையைக் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் மேஜைமேல் வைத்துவிட்டார். மெக்சிகோவில் என்றால் பெயர், ஊர் கேட்டிருப்பார்கள். என்னிடம் கேட்டது, "இது யாரை நெனச்சு எழுதுனது?" முகமூடி கழன்றால் பெண்ணுக்குக் கிடைப்பது பெயர் இல்லை, விசாரணை.

இனி ஹமீதா பானு. உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூரிலிருந்து, பெண் குஸ்தி பழகுவதைச் சகிக்காத ஊரை விட்டுவிட்டு அலிகருக்குப் போனவர். அங்கே சலாம் பஹல்வான் என்பவரிடம் பயிற்சி. 1954 பிப்ரவரியில் ஆண் மல்லர்களுக்கு அவர் விட்ட சவால் செய்தித்தாள்களில் வந்தது: என்னைக் கோதாவில் தோற்கடிப்பவரை நான் கல்யாணம் செய்துகொள்கிறேன். பட்டியாலாவிலிருந்து ஒரு சாம்பியன், கல்கத்தாவிலிருந்து ஒரு சாம்பியன், இருவரும் தோற்றார்கள். மே மாதம் பரோடாவுக்குப் போனார். ஊரெல்லாம் லாரிகளில் விளம்பரம். மகாராஜாவின் ஆதரவு பெற்ற ஒரு பயில்வான், பெண்ணோடு மோத மாட்டேன் என்று கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். பதிலுக்கு வந்த பாபா பஹல்வானை ஹமீதா பானு சாய்த்தது 1 நிமிடம் 34 நொடியில். இந்தப் பயில்வான் இனி கல்யாணக் கணக்கிலேயே இல்லை என்று நடுவர் அறிவித்ததாக அன்றைய செய்தி சொல்கிறது. சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைத்தான் நான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க நினைக்கிறேன்.

இந்தச் சவாலைப் பெண்ணியத் துணிச்சல் என்று இப்போது எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பணயத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண் தோற்றால் அவனுக்கு நட்டம் கொஞ்சம் மானம். ஜெயித்தால் ஒரு பெண் முழுசாகக் கிடைக்கிறாள், அவளுடைய வருமானத்தோடு. அவள் தோற்றால் கல்யாணம், அதோடு குஸ்தியும் முடிந்தது. ஜெயித்தால்? அடுத்த ஆட்டம் வரைக்கும் இன்னும் கல்யாணம் ஆகாமல் இருக்கலாம். அவ்வளவுதான் பரிசு. முகமூடிக்காரன் தன்மேல் போட்டிருக்கும் ஒன்றைப் பணயம் வைக்கிறான். இவர் தன்னையே வைக்க வேண்டியிருந்தது. வைக்காவிட்டால் இவர் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றிருக்குமா என்பது என் சந்தேகம். பெண்ணின் பலத்தைப் பார்க்க வருகிறவர்கள், அந்தப் பலம் ஒருநாள் அடங்கும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. முல்லைக்கலியில் ஏறு தழுவியவனுக்குப் பெண். திருவிளையாடற் புராணத்தில் திக்விஜயம் செய்துவந்த தடாதகை, கயிலையில் சிவனைக் கண்டதும் மூன்றாம் முலை மறைந்து நாணி நிற்கிறாள். போர் அங்கேயே முடிகிறது. இவற்றையெல்லாம்விட ஹமீதா பானுவுக்கு நெருக்கமானவள் நம் மதுரை அல்லி. அல்லி அரசாணி மாலை கதையில் அவளைப் போரில் வெல்ல ஆளில்லை. அதனால் அர்ச்சுனன் கண்ணனின் துணையோடு பாம்பாக உருமாறிப் படுக்கையறைக்குள் போய், அவள் தூங்கும்போது தாலி கட்டுகிறான். கோதாவில் முடியாதது படுக்கையறையில் முடிகிறது. சின்ன வயதில் எங்கள் அப்பத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது பாம்பு நுழையும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பயமா, வெட்கமா, கோபமா என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன்.

அன்றைய பத்திரிகைகள் ஹமீதா பானுவை எழுதிய விதமும் கிட்டத்தட்ட டிரம்ப் கார்டுதான். உயரம் 5 அடி 3 அங்குலம். எடை 108 கிலோ. தினமும் குடிப்பது ஐந்தரை லிட்டருக்கு மேல் பால், கிட்டத்தட்ட மூன்று லிட்டர் சூப், பழச்சாறு. தின்பது ஒரு கோழி, ஒரு கிலோ அளவுக்கு ஆட்டுக்கறி, அரைக் கிலோ வெண்ணெய், ஆறு முட்டை, பாதாம், இரண்டு பெரிய ரொட்டி, இரண்டு தட்டு பிரியாணி. உறக்கம் ஒன்பது மணி நேரம், பயிற்சி ஆறு மணி நேரம். ஆண் பயில்வான்களின் சாப்பாட்டைப் பற்றியும் எழுதுவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்னும் பெண்களின் நாட்டில், ஒருத்தி உட்கார்ந்து முழுக்கோழி தின்கிறாள் என்பதைப் படிக்கும்போது வாசகருக்கு ஏற்படுவது வியப்பு மட்டும்தானா? 'அலிகரின் அமேசான்' என்று பட்டம் வைத்தார்கள். கிரேக்கக் கதைகளில் வரும் போர்ப்பெண்களின் பெயர் அது. உள்ளூர்ச் சொல் அகப்படவில்லை போல. நம்மிடமும் இல்லை. பயில்வான் என்பதற்குப் பெண்பால் என்ன? மல்லனுக்கு? மல்லி என்றால் நமக்குப் பூதான்.

வெற்றிகள் எதுவும் அவரிடம் தங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1944இலேயே பம்பாயில் கூங்கா பஹல்வானோடு இவர் மோதுவதைப் பார்க்க இருபதாயிரம் பேர் கூடினார்கள். எதிராளி கூடுதல் பணமும் அவகாசமும் கேட்டதில் ஆட்டம் ரத்தாக, கூட்டம் அரங்கத்தை அடித்து நொறுக்கியது. கோலாப்பூரில் ஓர் ஆணை இவர் வென்றதும் கல்லெறிந்தார்கள், போலீஸ் வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. புனேயில் ஆண் மல்லர் ஒருவரோடு நடக்கவிருந்த ஆட்டத்தை அங்குள்ள மல்யுத்த அமைப்பு நிறுத்தியது. தன் ஆட்டங்களுக்குத் தடை என்று பம்பாய் முதல்வர் மொரார்ஜி தேசாயிடம் ஹமீதா பானு முறையிட்டார். வந்த பதில்: பெண் என்பதற்காகத் தடை இல்லை, இவருக்கு எதிராகப் போலி ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று புகார் இருக்கிறது.

போலி ஆட்கள். இந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு தனிக்கட்டுரை எழுதலாம். அதே 1954இல்தான் தாரா சிங் ருஸ்தம்-ஏ-ஹிந்த் ஆனார். அவரும் கிங் காங்கும் மோதிய டிக்கெட் ஆட்டங்களிலும் நிஜம் எவ்வளவு, ஏற்பாடு எவ்வளவு என்ற பேச்சு உண்டு. தொழில்முறை மல்யுத்தத்தின் உயிரே அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது. ஆனால் தாரா சிங்குக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. படங்களில் நாயகன், தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமன், பிறகு மாநிலங்களவை உறுப்பினர். ஹமீதா பானுவுக்கு வந்தபோது அதே சந்தேகம் தடையாணையாக மாறுகிறது. அவருடைய ஆட்டங்கள் எல்லாம் உண்மையானவை என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. சில ஏற்பாடாகவே இருந்திருக்கட்டும். ஆண் நடித்து வென்றால் அது கேளிக்கை, பெண் நடித்து வென்றால் அது மோசடி என்ற வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மெக்சிகோவிலும் இதே காலம்தான். முகமூடிகளின் தலைநகரான மெக்சிகோ நகரத்தில் 1950களில் பெண்கள் மல்யுத்தம் செய்யத் தடை வந்தது. இர்மா கொன்சாலெஸ் போன்ற பெரிய ஆட்டக்காரிகள் வெளியூர்களில் போய் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தடை நீங்க 1986 வரை ஆயிற்று.

1954இலேயே பம்பாயில் 'ரஷ்யக் கரடி' என்று அழைக்கப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் வென்ற ஹமீதா பானு, ஐரோப்பா போய் ஆடப்போவதாக அறிவித்தார். அதற்குப் பிறகு செய்தித்தாள்களில் அவர் பெயர் மங்கிவிடுகிறது. என்ன நடந்தது என்பதை அவருடைய வளர்ப்பு மகன் வழிப் பேரன்தான் பிபிசியிடம் சொன்னார். ஐரோப்பா போகக்கூடாது என்று சலாம் பஹல்வான் அடித்தார், பாட்டியின் கை உடைந்தது என்று. கால்களும் உடைந்து, எழுந்து நிற்க முடியாமல் கிடந்ததை அக்கம்பக்கத்தில் இருந்தவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பல ஆண்டுகள் கம்பு ஊன்றித்தான் நடந்தாராம். சலாம் அவரை மணந்திருந்தாரா இல்லையா என்பதில் இரு குடும்பத்தாரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். தோற்கடித்தவரைக் கல்யாணம் செய்வேன் என்று நாடு முழுக்கச் சொன்ன பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதா என்பதே யாருக்கும் நிச்சயமில்லை. பாம்பு எப்போது உள்ளே வந்தது என்று அல்லிக்கும் தெரியாது.

பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் என்ற ஊரில் தங்கிவிட்டார். மாடு வைத்துப் பால் விற்றார். கட்டடம் வாடகைக்கு விட்டார். பணம் தீர்ந்தபோது வீட்டில் பலகாரம் செய்து தெருவோரம் வைத்து விற்றார். இறந்தது 1986இல். 2024 மே 4 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது, பரோடா வெற்றிச் செய்தி வெளியான நாளின் நினைவாக. படம் நன்றாகவே இருந்தது. அன்று முழுவதும் என் கைப்பேசிக்குப் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள், முன்னோடி, சிங்கப்பெண் என்று. எல்லாவற்றிலும் அந்த 1 நிமிடம் 34 நொடி இருந்தது. ஊன்றிய கம்பு எத்தனை வருடம் என்பது ஒன்றிரண்டில்தான் இருந்தது.

அந்த வாரம் வகுப்பில் இதைப் பேசினேன். என் மாணவிகளில் பாதிப்பேரின் அம்மாக்கள் விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வளைவுகளைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். சேலைமேல் ஆண் சட்டை, தலையில் துண்டு. மருந்தடித்த வாடை இருக்கும் நாட்களில் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். அந்தத் துணியைக் கழற்றினால் யாரும் பெயர் கேட்பதில்லை, எத்தனை கிலோ என்றுதான் கேட்பார்கள். மற்ற பாதியின் அம்மாக்கள் போடியிலேயே காய் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கிறார்கள். நாள் முழுக்கக் குனிந்த கழுத்து. இந்த வகுப்பில் கபடி ஆடும் பெண் ஒருத்தி உண்டு. மாவட்ட அளவில் ஆடியவள். பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், முழங்காலில் தழும்பு இருக்கிறதா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்களாம். அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வெற்று அட்டைகளைக் கொடுத்து ஹமீதா பானுவுக்கு ஒரு டிரம்ப் கார்டு செய்யச் சொன்னேன். உயரம், எடை எல்லாம் வேகமாக எழுதிவிட்டார்கள். 'தோற்ற ஆட்டம்' என்ற கட்டத்தில் வந்து நின்றார்கள்.

"சைபர்னு போட்டுரவா மேடம்?" என்றாள் ஒருத்தி.

"அப்ப கை கால் ஒடஞ்சது?" என்றாள் கபடிக்காரி.

"அது ஆட்டத்துல சேராதுடி. நடுவர் இல்ல, டைம் இல்ல. வீட்டுக்குள்ள நடந்தது."

"நடுவர் இல்லாட்டி தோக்கலன்னு ஆயிருமா?"

"தோத்தாங்கன்னு போட்டா, அவன் ஜெயிச்சான்னு ஆயிருமேடி."

அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. இப்போதும் இல்லை. அரைமணி நேரம் சண்டை நடந்தது. சிலர் சைபர் போட்டார்கள், ஒருத்தி ஒன்று போட்டு அடித்தாள், கபடிக்காரி கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஓரத்தில் பென்சிலால் 'அத்துமீறல்' என்று எழுதினாள். கபடியில் கோட்டைத் தாண்டினால் சொல்வதுதானே மேடம் என்றாள். மணி அடித்தது. மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கும் நேரம், அம்மா வருவதற்குள் உலை வைக்க வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மைதானத்தில் பயிற்சி தொடங்கியிருந்தது. அவள் அந்தப்பக்கம் போகவில்லை, நேராக வாசலுக்கு நடந்தாள்.